ஒரு பாத்திக்கு மட்டும் திறக்கும் மடை

வட அமெரிக்காவின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் கௌபேர்ட் என்றொரு பறவை வாழ்கிறது. மைனாவைவிடச் சற்றே சிறியது. ஆணுக்குப் பளபளக்கும் கறுப்பு உடலும் பழுப்புத் தலையும் உண்டு. பெண் மங்கிய சாம்பல் பழுப்பு. இந்தப் பறவை கூடு கட்டுவதில்லை, அடைகாப்பதில்லை, குஞ்சுக்கு இரை ஊட்டுவதும் இல்லை. நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவதைப்போல இதுவும் பிற பறவைகளின் கூட்டில் முட்டையை வைத்துவிட்டுப் பறந்துவிடும். கௌபேர்டின் முட்டை இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்களின் கூடுகளில் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெண் பறவை ஒரே பருவத்தில் 40 முட்டை வரை இடக்கூடியது.

பிள்ளை வளர்க்கும் பாடு இல்லையென்றாலும், இந்த வாழ்க்கை சோம்பேறிகளுக்கு உரியதல்ல. அடுத்தவர் கூட்டில் முட்டையிடுவதற்கு நேரம் பார்க்க வேண்டும். கூட்டுக்காரப் பறவை முட்டையிடத் தொடங்குமுன் வைத்தால், அது சந்தேகப்பட்டுக் கூட்டையே கைவிட்டுவிடலாம். அடைகாத்துப் பல நாள் ஆனபின் வைத்தால், மற்றக் குஞ்சுகள் பொரிந்து வளர்ந்துவிடும். பிந்திப் பிறந்த குஞ்சு இரைக்குப் போட்டியிட முடியாது. ஆகவே பெண் கௌபேர்ட் பகலில் புதர் புதராகத் தேடிக் கூடுகளைக் கண்டுவைக்கிறது. எந்தக் கூடு எந்த நிலையில் இருக்கிறது என்று மறுபடியும் போய்ப் பார்த்து வருகிறது. பிறகு ஒரு நாள் சூரியன் உதிக்குமுன், அரையிருட்டில் நேராக அந்தக் கூட்டுக்குச் சென்று, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் முட்டையிட்டுத் திரும்பிவிடுகிறது. இந்த வேலையில் ஆணுக்குப் பங்கு இல்லை. கூடு இருக்கும் இடங்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியவள் பெண் மட்டுமே.

அப்படியானால் அவளுடைய மூளையில் அதற்கான அடையாளம் இருக்க வேண்டும் அல்லவா? கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஷெரி இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்.

இடத்தை நினைக்கும் பகுதி

இடங்களை நினைவில் வைப்பதில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்கு முதன்மையான பங்கு உண்டு. மனிதனுக்கும் எலிக்கும் அது மூளைக்குள் ஆழத்தில் சுருண்டு கிடக்கிறது. பறவைகளுக்கோ மூளையின் மேற்பரப்பில், நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருக்கிறது. சிக்கடீ என்னும் சிறு குருவி விதைகளைப் பட்டை இடுக்குகளில் ஒளித்துவைத்துப் பின்னர் தேடியெடுக்கும் பழக்கம் உடையது. ஷெரியும் அவருடைய சக ஆய்வாளரும் 1989-இல் சில சிக்கடீக்களின் ஹிப்போகேம்பஸை நீக்கிப் பார்த்தார்கள். அந்தப் பறவைகள் வழக்கம்போல விதைகளை ஒளித்துவைத்தன. ஒளித்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவற்றால் முடியவில்லை.

1993-இல் ஷெரியின் குழு கௌபேர்டின் மூளையை அளந்தது. பெண்ணின் ஹிப்போகேம்பஸ், மூளையின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிடும்போது ஆணுடையதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, அர்ஜென்டினாவின் கௌபேர்டுகளை ரெபொரேதா, கிளேட்டன், கசெல்னிக் ஆகிய மூவரும் ஆராய்ந்தார்கள். அங்கே மூன்று உறவினங்கள் உண்டு. ஒன்றில் பெண் தனியாகக் கூடு தேடும். இன்னொன்றில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே தேடும். மூன்றாவது இனம் தன் குஞ்சைத் தானே வளர்க்கும். பெண் தனியாகத் தேடும் இனத்தில் மட்டும் பெண்ணின் ஹிப்போகேம்பஸ் ஆணுடையதைவிடப் பெரிதாக இருந்தது. மற்ற இரண்டிலும் ஆண், பெண் வேறுபாடு தென்படவில்லை.

ஹிப்போகேம்பஸ் பெரிதாக இருப்பதால் மட்டும் நினைவும் கூர்மையாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதையும் 2014-இல் சோதித்தார்கள். ஷெரியின் ஆய்வகத்தில் மெலனி கிகுவெனோவும் சகாக்களும் 25 இடங்களில் ஒன்றில் மட்டும் இரையை வைத்துக் கௌபேர்டுகளுக்குப் பழக்கினார்கள். ஒரு முழு நாள் இடைவெளிக்குப் பிறகு அதே இடத்தைத் தேடவிட்டார்கள். பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகத் தவறின. சுற்றி வளைக்காமல் நேராக இரைக்குச் சென்றன. இரு பாலும் தேடச் செலவிட்ட நேரம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஆணுக்கு ஆர்வம் குறைவு என்று சாக்குச் சொல்ல வழியில்லை.

இந்த முடிவு கவனிக்கத்தக்கதாக ஆனதற்கு ஒரு பின்னணி உண்டு. இடநினைவில் ஆணே தேர்ந்தவன் என்ற கருத்து எலிகளின் சோதனைகளிலிருந்து நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. 1986-இல் கௌலின், ஃபிட்ஸ்ஜெரால்ட் இருவரும் வோல் என்னும் சிற்றெலிகளில் நடத்திய ஆய்வு அதன் காரணத்தைத் துலக்கியது. பல துணைகளைத் தேடி ஆண் நெடுந்தூரம் அலையும் வோல் இனத்தில், புதிர்ப்பாதைச் சோதனையில் ஆண்கள் வென்றன. ஒரே துணையோடு ஒரே எல்லைக்குள் வாழும் வோல் இனத்தில் இரு பாலும் சமமாக நின்றன. சிக்கடீயிலும் அதே கதைதான்: ஆணும் பெண்ணும் ஒரேபோல விதை ஒளிப்பதால், 1996-இல் நடந்த ஆய்வில் ஹிப்போகேம்பஸிலோ நினைவிலோ பால் வேறுபாடு காணப்படவில்லை. யாருக்கு இடத்தை நினைக்கும் வேலை விழுகிறதோ அவருக்கே அந்தத் திறன் வளர்கிறது. ஆண் என்பதற்காகவோ பெண் என்பதற்காகவோ அது யாருக்கும் வாய்ப்பதில்லை.

சேவலில் தொடங்கிய கதை

வேறுபாடு இருப்பது தெரிந்துவிட்டது. அதை எது உண்டாக்குகிறது? ஆண், பெண், இனப்பெருக்கப் பருவம் என்றதும் பால் ஹார்மோன்கள்மீது சந்தேகம் விழுவது இயல்பே. ஹார்மோன் ஆராய்ச்சியே பறவையிலிருந்துதான் தொடங்கியது. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அர்னால்ட் பெர்தோல்ட் ஆறு இளஞ்சேவல்களின் விரைகளை அறுத்தெடுத்தார். சிலவற்றுக்கு விரையை வயிற்றுக்குள் வேறிடத்தில் மீண்டும் பொருத்தினார். விரை இல்லாதவை கொண்டை சுருங்கி, கூவாமல், சண்டைக்குப் போகாமல் வளர்ந்தன. பொருத்தப்பட்டவை எப்போதும்போலச் சேவல்களாகவே வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் விரை வேலை செய்ததால், அது ஏதோ ஒரு பொருளை இரத்தத்தில் கலக்கிறது என்று பெர்தோல்ட் முடிவுகட்டினார்.

அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அறிவியல் பிடித்து நின்ற சித்திரம் இதுதான்: விரையும் சினைப்பையும் ஹார்மோனைச் சுரக்கும், இரத்தம் அதை எங்கும் சுமந்து செல்லும், மூளை அதைப் பெற்றுக்கொள்ளும். ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன், பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பங்கீடும் அதோடு சேர்ந்துகொண்டது.

வேதியியல் அந்தப் பங்கீட்டை மதிப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரடையாலும் கொலஸ்டிராலிலிருந்தே உருவாகின்றன. டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறின் ஒரு வளையத்தை மாற்றியமைத்தால் ஈஸ்ட்ரடையால் கிடைத்துவிடும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்கு அரோமடேஸ் என்று பெயர். பெண்ணின் சினைப்பையிலும் ஈஸ்ட்ரோஜன் இந்த வழியாகவே பிறக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் நாஃப்டோலின் குழுவினர், மூளைத் திசுவிலும் இந்த நொதி வேலை செய்வதைக் கண்டார்கள்.

இதை உச்சத்தில் காட்டும் உயிரினம் ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபிஞ்ச். சிவந்த அலகும் ஆணின் கழுத்தடியில் கறுப்பு வெள்ளைக் கோடுகளும் உடைய இந்தக் குருவியை நம் ஊர்களில் கூண்டுப் பறவையாகவும் வளர்க்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பார்னி ஷ்லிங்கரும் ஆர்தர் அர்னால்டும் ஆண் ஜீப்ரா ஃபிஞ்சின் இரத்தத்தில் உள்ள ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது என்று துழாவினார்கள். விடை மூளை. ஆண் பறவையின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகும் முதன்மை இடமே மூளைதான். இரத்தத்தில் இருப்பது அங்கிருந்து வெளிவந்தது. பெர்தோல்ட் காட்டிய திசைக்கு எதிர்த்திசையில் ஹார்மோன் பாய்ந்துகொண்டிருந்தது.

ஹிப்போகேம்பஸின் மேல் ஒரு வில்லை

ஜீப்ரா ஃபிஞ்சின் ஹிப்போகேம்பஸில் அரோமடேஸ் ஏராளம். அது அங்கே என்ன செய்கிறது? கோலின் சல்டானாவும் சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சோதனை எளிமையானது. கூண்டுக்குள் பல கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில்தான் இரை இருக்கும். எந்த இடம் என்று பறவை எத்தனை முயற்சியில் கற்கிறது, பிறகு நினைவில் வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2004-இல் வெளியான ஆய்வில் விரை நீக்கப்பட்ட ஆண் பறவைகளுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். மூளை டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்வது இடத்தைக் கற்கும் வேகத்தைக் கூட்டுகிறது என்று தெரியவந்தது. அது ஹிப்போகேம்பஸின் வழியாகவே நடக்கிறது என்பதற்கும் குறிப்புகள் கிடைத்தன.

ஆனால் ஹார்மோன் உடல் முழுவதும் பரவும்போது, விளைவு ஹிப்போகேம்பஸில்தான் பிறந்தது என்று உறுதியாகச் சொல்வது கடினம். பசி, சுறுசுறுப்பு, பயம் எல்லாமே மாறக்கூடும். அந்த இடத்தில் மட்டும் அரோமடேஸை நிறுத்திப் பார்க்க வேண்டும். இதில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. ஜீப்ரா ஃபிஞ்சின் மூளையில் ஊசி குத்தினால், காயத்தைச் சுற்றியுள்ள துணைச் செல்கள் தாமாகவே அரோமடேஸைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். காயம்பட்ட நரம்புகளைக் காப்பாற்ற மூளை செய்யும் ஏற்பாடு அது. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்ட கதையாகிவிடும்.

பறவை மூளையின் அமைப்பே இங்கு கைகொடுத்தது. ஹிப்போகேம்பஸ் மேற்பரப்பில் இருப்பதால் அதைக் குத்தத் தேவையில்லை. அரோமடேஸைத் தடுக்கும் மருந்து ஊறிய சிறு வில்லை ஒன்றை அதன்மேல் வைத்தாலே போதும். மருந்து மெல்லக் கசிந்து உள்ளே இறங்கும். 2013-இல் டேவிட் பெய்லி, சல்டானா உள்ளிட்டோர் அப்படியே செய்தார்கள். ஹிப்போகேம்பஸில் ஈஸ்ட்ரடையாலின் அளவு இறங்கியது. அடுத்திருந்த பகுதிகளில் இறங்கவில்லை. துணைச் செல்களும் விழித்துக்கொள்ளவில்லை. அந்த ஆண் பறவைகள் இரை இருக்கும் இடத்தைக் கற்கவும் நினைவில் வைக்கவும் திணறின. ஹிப்போகேம்பஸையே சிதைத்துவிட்டால் எவ்வளவு தடுமாறுமோ, ஏறக்குறைய அதே அளவுக்குத் தடுமாறின.

முழுப் பகுதியும் நலமாகத்தான் இருந்தது. அங்கே பிறக்கும் ஒரே ஒரு ஹார்மோனை நிறுத்தியதே அதை முடக்கப் போதுமானதாக இருந்தது. அந்த ஹார்மோனோ, ஆண் பறவையின் மூளையில் டெஸ்டோஸ்டிரோனிலிருந்து பிறந்த ஈஸ்ட்ரோஜன்.

நரம்பின் நுனியில்

அரோமடேஸ் ஹிப்போகேம்பஸில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தபோது இன்னொரு செய்தி கிடைத்தது. நரம்புச் செல்லின் உடற்பகுதியில் அதைக் காண்பதே அரிது. ஒரு செல் மற்றொன்றோடு பேசும் இணைப்பான சினாப்ஸின் இரு கரைகளிலும் அது நிறைந்திருந்தது. செய்தி கைமாறும் அதே இடத்தில், அதே நேரத்தில் ஹார்மோனும் தயாராகிறது என்பது இதன் பொருள்.

இரத்தத்தின் வழியே வரும் ஹார்மோன் ஊர் முழுக்கப் பெய்யும் மழை. சினாப்ஸில் பிறக்கும் ஹார்மோன் ஒரு பாத்திக்கு மட்டும் திறந்துவிடும் மடை. நினைவுக்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்பதற்காக ஆண் பறவையின் உடல் முழுவதும் அதை நிரப்பினால், விரையின் வேலையும் இனப்பெருக்க நடத்தையும் குலைந்துபோகும். தேவைப்படும் இடத்தில் மட்டும் உண்டாக்கினால் அந்தத் தொல்லை இல்லை.

வேகத்திலும் இந்த ஏற்பாடு வேறுபடுகிறது. பாடப்புத்தகம் சொல்லும் வழியில் ஈஸ்ட்ரோஜன் செல்லின் உட்கருவுக்குச் சென்று மரபணுக்களை இயக்கும். அதன் பலன் தெரிய மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ ஆகும். செல்லின் சவ்வில் உள்ள ஏற்பிகள் வழியாகவும் அது வேலை செய்யும். அப்போது சில நிமிடங்களே போதும். 2008-இல் லூக் ரெமேஜ்-ஹீலியும் சகாக்களும் ஜீப்ரா ஃபிஞ்சின் முன்மூளையில், ஒலியை உணரும் பகுதியிலிருந்து நுண்குழாய் வழியே திரவம் எடுத்துச் சோதித்தார்கள். ஆண் பறவை பெண்ணைச் சந்தித்த அரை மணி நேரத்துக்குள் அங்கே ஈஸ்ட்ரடையாலின் அளவு உயர்ந்தது. மூளையின் ஈஸ்ட்ரோஜன் பருவத்துக்குப் பருவம் மட்டுமல்ல, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சியும் ஏறி இறங்குகிறது.

சினாப்ஸின் வடிவத்தையே இந்த ஹார்மோன் மாற்றக்கூடும் என்பதை எலிகள் முன்பே காட்டியிருந்தன. கேத்தரின் வூலி, புரூஸ் மெக்கிவென் ஆகியோர் 1990-இல் பெண் எலியின் ஹிப்போகேம்பஸை ஆராய்ந்தார்கள். நான்கைந்து நாட்களில் முடிந்துவிடும் அதன் சினைச்சுழற்சிக்குள்ளேயே, நரம்புக் கிளைகளில் முளைக்கும் நுண்முட்களின் அடர்த்தி கூடிக் குறைவதை அவர்கள் கண்டார்கள். சினாப்ஸ்கள் பெரும்பாலும் அமர்வது அந்த முட்களின் மீதுதான். ஜீப்ரா ஃபிஞ்சிலும் ஹிப்போகேம்பஸின் அரோமடேஸை நிறுத்தும்போது சினாப்ஸ் சவ்வின் இயல்பு மாறுவதை 2017-இல் சல்டானாவின் குழு கண்டது.

ஹார்மோன் எல்லாவற்றையும் விளக்குமா?

இவ்வளவையும் கேட்டபின், பால் ஹார்மோன் கூடினால் நினைவு கூடும் என்று கணக்குப் போடத் தோன்றும். பறவைகள் அந்தக் கணக்குக்குள் அடங்க மறுக்கின்றன.

முதலில் சிக்கடீ. 1994-இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் அனத் பர்னியா, ஃபெர்னாண்டோ நாட்டெபோம் இருவரும் அதன் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்புச் செல்கள் எந்த மாதத்தில் அதிகம் சேர்கின்றன என்று கணக்கிட்டார்கள். உச்சம் அக்டோபரில் வந்தது. அது குளிர்காலத்துக்காக விதை ஒளிக்கும் காலம். இனப்பெருக்கம் முடிந்து, விரையும் சினைப்பையும் சுருங்கிக் கிடக்கும் காலமும் அதுவே. கௌபேர்டிலும் 2016-இல் கிகுவெனோவின் குழு கண்டது இதை ஒத்தது: ஹிப்போகேம்பஸின் புதிய செல்கள் ஆணைவிடப் பெண்ணுக்கே அதிகம், ஆனால் இனப்பெருக்கப் பருவத்தைவிட அது முடிந்தபின் அதிகம். சென்ற பருவத்தின் கூடுகளை மறந்து அடுத்த பருவத்துக்கு இடம் ஒதுக்கும் புதுப்பிப்பாக இது இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். இரத்தத்தில் பால் ஹார்மோன் பெருகும் மாதத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

அடுத்தது சோதனையின் வகை. 25 இடங்களில் தேடும்போது ஆண்களை வென்ற அதே இனத்துப் பெண் கௌபேர்டுகள், தொடுதிரையில் புள்ளிகளின் இடத்தை நினைவில் வைக்கும் சோதனையில் ஆண்களிடம் தோற்றன. 2015-இல் அதே ஆய்வகம் வெளியிட்ட முடிவு இது. நடந்து, திரும்பி, தேடிச் செல்லும் இடநினைவும் கண்ணெதிரே தட்டையாகத் தெரியும் திரையின் நினைவும் ஒன்றல்ல. ஜீப்ரா ஃபிஞ்சிலும் ஈஸ்ட்ரடையாலின் விளைவு சூழலைப் பொறுத்து மாறுவதை ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன.

மூன்றாவது, மரபணு. 2003-இல் ஆர்தர் அர்னால்டின் குழு அபூர்வமான ஒரு ஜீப்ரா ஃபிஞ்சை விவரித்தது. அதன் வலப்பாதி ஆண், இடப்பாதி பெண். இறகின் நிறம்கூட நடுக்கோட்டில் இரண்டாகப் பிரிந்திருந்தது. இரு பாதிகளிலும் ஓடியது ஒரே இரத்தம். ஆகவே இரத்தத்தின் ஹார்மோனும் ஒன்றே. இருந்தும் பாடலுக்கான மூளைப்பகுதி வலப்பக்கம் ஆண்தன்மையோடு பெரிதாகவும் இடப்பக்கம் சிறிதாகவும் இருந்தது. மூளைச் செல்களின் சொந்த மரபணுக்களுக்கும் பால் வேறுபாட்டில் பங்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆக, இடநினைவில் மூன்று சரடுகள் பின்னிக் கிடக்கின்றன. யாருக்கு நினைவு தேவை என்பதைத் தலைமுறை தலைமுறையாக வாழ்க்கைமுறை தீர்மானித்தது. அந்தத் தேவைக்கேற்ற மூளையை மரபணுக்களும் வளர்ச்சிக்கால ஹார்மோன்களும் வடித்தன. அந்த மூளை இன்று, இந்தக் கணத்தில் ஓர் இடத்தைக் கற்க, தானே தயாரிக்கும் ஈஸ்ட்ரோஜன் துணைநிற்கிறது.

மருந்துக்கடை வரை

கூண்டுப் பறவையின் மூளையில் தொடங்கிய இந்தக் கேள்வி இப்போது மருத்துவமனையையும் தொடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில், ஈஸ்ட்ரோஜனால் வளரும் கட்டிகளுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. இவை அரோமடேஸைத் தடுப்பவை. கட்டி மீண்டும் வராமல் தடுத்துப் பல உயிர்களைக் காத்த மருந்துகள் இவை. இவற்றை உட்கொள்ளும் சிலர் ஞாபக மறதியைப் பற்றிச் சொல்வதுண்டு. வயது, நோய், கீமோதெரபி எனப் பல காரணங்கள் சேர்ந்திருப்பதால், மறதி எதனால் வந்தது என்று பிரித்தறிவது மருத்துவருக்கு எளிதல்ல.

ஜீப்ரா ஃபிஞ்சில் உழைத்த ரெமேஜ்-ஹீலி, மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சகாக்களோடு இதை மார்மோசெட் என்னும் சிறு குரங்குகளில் ஆராய்ந்தார். 2019-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, லெட்ரோசோல் கொடுக்கப்பட்ட குரங்குகளுக்கு இடநினைவுச் சோதனையில் தடுமாற்றம் ஏற்பட்டது. ஹிப்போகேம்பஸ் நரம்புகளின் துடிப்பும் தணிந்தது. புற்றுநோய்க்கான மாத்திரையை நிறுத்தச் சொல்லும் முடிவல்ல இது. உயிர் காக்கும் பலனும் நினைவின் மீதான விலையும் ஒரே தராசில் வைக்க வேண்டியவை. மறதி என்று ஒரு நோயாளி சொல்லும்போது அதை மனக்கவலை என்று ஒதுக்காமல் கேட்பதற்கு உடலியல் காரணம் உண்டு என்பதைத்தான் இது சொல்கிறது. மூளையைத் தவிர்த்து மார்பகக் கட்டியில் மட்டும் அரோமடேஸைத் தடுக்கும் மருந்து எதிர்காலத்தில் வருமானால், அந்தத் தேவையை முதலில் உணர்த்தியவற்றில் இரைக் கிண்ணத்தைத் தேடித் தடுமாறிய குருவிகளுக்கும் இடம் உண்டு.